ரெண்டு ஷாப்பிங் பை... ஒரு ஊர்!

ஒரு ஊருக்கு முத்திரை வைக்கச் சொன்னால் நீங்க என்ன வைப்பீங்க? கோபுரம் வைக்கலாம். மீன், புலி, வில், நெற்கதிர்னு கம்பீரமா ஏதாவது வைக்கலாம். அமெரிக்காவில் ஒரு குட்டி ஊர் தன் முத்திரையில் ரெண்டு ஷாப்பிங் பைகளை வைத்தது. ஆமாம் பாஸ், துணிக்கடையில் பில் போட்டதும் கையில் கொடுப்பாங்களே, அதே பைதான்!

சிரிக்காதீங்க. அந்த ஊருக்கு அதுதான் சாமி, அதுதான் சோறு. ஊர் பெயர் நார்த் ராண்டல். ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லேண்ட் நகரத்துக்குத் தென்கிழக்கே ஒட்டிக்கொண்டிருக்கும் புறநகர். மொத்தப் பரப்பே சுமார் ரெண்டு சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஆயிரத்தைச் சுற்றித்தான். உங்க காலேஜில் ஃபர்ஸ்ட் இயர் பசங்களை மட்டும் கூட்டி நிறுத்தினாலே இந்த ஊரை மிஞ்சிடலாம். அந்தத் துளியூண்டு ஊரில்தான், 1976-ல், 'உலகத்திலேயே பெரிய மால்' என்ற அடைமொழியோடு ஒரு மால் திறந்தாங்க. ராண்டல் பார்க் மால்.

இன்னிக்கு அந்த மால் இல்லை. அந்த இடத்தில் வேற ஒண்ணு நிற்குது. அது என்னன்னு கடைசியில் சொல்றேன். முதலில் ஊரை ஒரு ரவுண்டு அடிப்போம், வாங்க!

குதிரை ஓடின மண்ணு

மாலுக்கு முன்னாடி இங்கே கடை கிடையாது, குதிரைதான். ஊர் ஊராகப் பதிவானது 1908-ல். அந்தக் காலத்திலேயே இங்கே பந்தய மைதானம் வந்துவிட்டது. ரெண்டு சக்கர வண்டியில் ஆள் உட்கார்ந்து ஓட்ட, குதிரை இழுத்துக்கொண்டு பறக்குமே, அந்த ரகப் பந்தயம். 1925-ல் பக்கத்திலேயே திஸில்டவுன் என்று இன்னொரு மைதானமும் வந்தது. ஆக, வெளியூர்க்காரன் வந்து காசைச் செலவழித்துவிட்டுப் போனால்தான் ஊருக்கு வருமானம் என்ற வழக்கம் ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொண்டது. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்தச் சமயத்தில் என்ட்ரி கொடுத்தவர் எட்வர்ட் டிபார்ட்டலோ. பக்கத்து யங்ஸ்டவுன் நகரத்துக்காரர். அமெரிக்காவில் மால் கட்டியவர்களில் பெருந்தலை. பழைய ராண்டல் பார்க் மைதானம் இருந்த மண்ணில் மாலை எழுப்பினார். 'உலகத்திலேயே பெரிசு' என்று பெயர் வாங்கணும் என்பது கணக்கு. வாங்கினார். அடுத்த வருஷமே, 1977-ல், அந்தக் குடும்பம் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபார்ட்டி நைனர்ஸ் கால்பந்து அணியையே விலைக்கு வாங்கியது. வியாபாரம் அந்த அளவுக்குக் கொழித்தது என்று பார்த்துக்குங்க.

யாருக்குத் தோணின ஐடியா இது?

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். நாம ஏ.சி.யில் உலாத்துகிற இந்த மாடல் மாலுக்கு அப்பா, விக்டர் க்ரூயென் என்ற கட்டடக் கலைஞர். 1903-ல் வியன்னாவில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்கள் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938-ல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார். வந்து பார்த்தால், புறநகர் முழுக்க வீடும் காரும்தான். உட்கார்ந்து பேச ஒரு திண்ணை கிடையாது, நடக்க ஒரு கடைத்தெரு கிடையாது. 'வியன்னா கடைத்தெரு மாதிரி ஒண்ணை, கூரை போட்டு உள்ளே வெச்சா என்ன?' என்று யோசித்தார். 1956-ல் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில், முழுக்க மூடிய, ஏ.சி. செய்த முதல் மால் 'சவுத்டேல்' பிறந்தது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வசந்தம்!

ஐடியா அவருடையது. ஆனால் அதைக் காட்டுத்தீயாகப் பரப்பியது அரசாங்கம். 1954-ல் வரிச் சட்டத்தை மாற்றினார்கள். புதுசாக வணிகக் கட்டடம் கட்டினால், அதன் தேய்மானத்தை ஆரம்ப வருஷங்களிலேயே வேகமாகக் கழித்துக்கொண்டு வருமான வரியைக் குறைக்கலாம் என்று வழி திறந்தது. பழைய கடைத்தெருவைச் செப்பனிடுவதைவிட, காலி வயலில் புதுசாகக் கட்டுவதுதான் லாபம் என்றானது. 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. 41,000 மைல் சாலை. ஊருக்கு வெளியே ரெண்டு நெடுஞ்சாலை சந்திக்கிற இடமெல்லாம் தங்கச் சுரங்கமானது.

இன்னொரு பக்கம், வீட்டுக் கடனுக்கு அரசாங்க உத்தரவாதம். ஆனால் எல்லாருக்கும் இல்லை. 1930-களிலேயே நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு மையில் தீட்டி, 'இங்கே கடன் கொடுத்தால் ரிஸ்க்' என்று ஒதுக்கினார்கள். வெள்ளையர்கள் கடன் வாங்கிப் புறநகருக்குப் போனார்கள். கறுப்பர்கள் நகரத்திலேயே நிறுத்தப்பட்டார்கள். வீட்டு விஷயத்தில் பாகுபாடு கூடாது என்று சட்டம் வரவே 1968 ஆகிவிட்டது.

விளைவு என்ன? 1950-ல் கிளீவ்லேண்டில் 9,14,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 1980-ல் 5,73,000. முப்பதே வருஷத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல் காலி! அந்தக் கூட்டத்தைத்தான் நார்த் ராண்டல் மாதிரி புறநகர்கள் கையை விரித்து வரவேற்றன.

1976... செம கூட்டம்!

ஆகஸ்ட் 1976. மால் திறந்தாச்சு. சுமார் 20 லட்சம் சதுர அடி. சியர்ஸ், ஜே.சி.பென்னி, மே கம்பெனி, ஹிக்பீஸ், ஹார்ன்ஸ் என்று அஞ்சு பெரிய கடைகள். நடுவில் சுமார் இருநூறு சின்னக் கடைகள். தியேட்டரும் உண்டு. ஊரில் இருந்தவர்களைவிட மாலில் வேலை பார்த்தவர்கள் பல மடங்கு. அவர்களில் பலர் ஸ்கூல், காலேஜ் பசங்க. ஷூ கடையிலோ பாப்கார்ன் கவுண்ட்டரிலோ முதல் சம்பளம் வாங்கி, அதே மாலில் அதைக் காலி பண்ணிவிட்டு வீட்டுக்குப் போன தலைமுறை அது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கு. ஒஹையோவில் நீங்க எந்த ஊரில் வேலை பார்க்கிறீங்களோ, அந்த ஊர் உங்க சம்பளத்தில் ஒரு பங்கை வரியாக எடுத்துக்கொள்ளும். குடியிருப்பது ஆயிரம் பேர். வரி கட்டுவது ஆயிரக்கணக்கான வெளியூர்க்காரர்கள். போலீஸ், தீயணைப்பு, ரோடு எல்லாத்துக்கும் மால்தான் படியளந்தது. முத்திரையில் ஷாப்பிங் பை ஏன் ஏறியது என்று இப்போ புரியுதா?

ஆனால் பாருங்க, திறந்த ஒரே வருஷத்தில் முதல் இடி. 1977 செப்டம்பர் 19, திங்கள்கிழமை. சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, அதே டிபார்ட்டலோவின் யங்ஸ்டவுனில், ஒரு பெரிய இரும்பாலையை மூடப் போவதாக அறிவித்தார்கள். ஐயாயிரம் பேருக்கு வேலை போச்சு. 'கறுப்புத் திங்கள்' என்று அந்த ஊர் இன்னும் சொல்லும். அடுத்தடுத்து ஆலைகள் மூடின. ஒஹையோ முழுக்க ஆலைச் சம்பளத்தை நம்பித்தான் மால்கள் நின்றன. சம்பளம் நின்றால் ஷாப்பிங் பை எப்படி நிறையும்?

அதே 1976-ல் நடந்த இன்னொரு கூத்து. அமெரிக்க மால்களைப் பார்த்து வெறுத்துப்போய் க்ரூயென் வியன்னாவுக்கே திரும்பியிருந்தார். வீட்டுக்காரர்கள், ஸ்கூல், பூங்கா, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்த ஊர் மையத்தை நான் கேட்டேன், இவங்க கடையை மட்டும் கட்டிச் சுத்திலும் கார் நிறுத்திட்டாங்க என்பது அவர் வருத்தம். அவர் திரும்பிப் போன வியன்னாவின் தெற்கு எல்லையிலேயே 1976-ல் ஒரு பிரம்மாண்ட மால் முளைத்தது. துரத்திக்கொண்டே வந்துவிட்டது, பாவம்!

ஒரு மால் எப்படிச் சாகும்?

படால்னு சாகாது. பல் ஆடுகிற மாதிரி, ஒண்ணு ஒண்ணா விழும்.

முதலில் பக்கத்து வீட்டுப் போட்டி. 1978-லேயே சில மைல் வடக்கே, பணக்காரப் புறநகரில், 'பீச்வுட் ப்ளேஸ்' வந்தது. காஸ்ட்லி பிராண்டுகள் அங்கே குடியேறின. 2003-ல் அதே பக்கம் 'லெகசி வில்லேஜ்' வந்தது. அது கூரையே இல்லாத, பழைய கடைத்தெரு மாதிரி ஜோடித்த ஷாப்பிங் இடம். பாருங்க கொடுமையை... கடைத்தெருவைக் கொன்றது மால். மாலைக் கொல்ல வந்தது கடைத்தெரு வேஷம்!

அடுத்து, ஜனம் இன்னும் வெளியே நகர்ந்தது. கறுப்பினக் குடும்பங்கள் நகரத்திலிருந்து கிழக்கு, தென்கிழக்குப் புறநகர்களுக்கு வீடு வாங்கி வந்தார்கள். அவர்கள் கனவும் அதே தோட்டம், அதே கார், அதே நல்ல ஸ்கூல்தான். அவர்கள் வர வர, வெள்ளையர்கள் இன்னும் தள்ளிப் போனார்கள். கிளீவ்லேண்ட் மொத்த வட்டாரத்தின் தலை எண்ணிக்கை கூடவில்லை. கடைகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. ஒரே தோசையைப் பத்துப் பேர் பிய்க்கிற கதை. யார் வீட்டுப் பக்கம் காசு கம்மியோ, அங்கேதான் முதலில் ஷட்டர் இறங்கும்.

மூணாவது, நாம யாரும் கவனிக்காத ஒப்பந்தச் சமாச்சாரம். மாலில் பெரிய கடைகளைத் தூண் மாதிரி நினைக்கணும். அவை பெரும்பாலும் குறைந்த வாடகைதான் கொடுக்கும், அல்லது கட்டடமே சொந்தமாக இருக்கும். கூட்டத்தை இழுத்து வருவது அதுங்க வேலை. மாலுக்கு வருமானம் கொடுப்பது நடுவில் இருக்கிற சின்னக் கடைகள். 'பெரிய கடை போய்விட்டால் நாங்க வாடகையைக் குறைப்போம், இல்லைன்னா கிளம்பிடுவோம்' என்று பல சின்னக் கடைகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடும். ஒரு தூண் சாய்ந்தால் பத்துக் கடைக்கு ஆட்டம். பத்துக் கடை போனால் அடுத்த தூணுக்குக் கூட்டம் இல்லை. இதுக்கு நடுவில் அத்தனை லட்சம் சதுர அடிக்கும் ஏ.சி., ஹீட்டர், விளக்கு ஓடணும். பாதி கடை மூடினாலும் கரண்ட் பில் பாதியாகாது.

ராண்டல் பார்க்கில் அப்படித்தான் நடந்தது. 1990-களில் பெரிய கடைகள் ஒன்றை ஒன்று விழுங்கின. ஹிக்பீஸ் போய் டில்லார்ட்ஸ் ஆனது. மே கம்பெனி போய் காஃப்மன்ஸ், பிறகு மேஸிஸ். போர்டு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஜே.சி.பென்னி கிளம்பியது, பின்னாலேயே டில்லார்ட்ஸ். 2001-ல் கிளீவ்லேண்டின் எல்.டி.வி. இரும்பு நிறுவனமும் படுத்தது. 2007-ல் வீட்டுக் கடன் நெருக்கடி. அமெரிக்காவிலேயே அதிகமாக அடி வாங்கிய வட்டாரங்களில் ஒன்று, இங்கிருந்து சில மைல் மேற்கே இருக்கும் ஸ்லாவிக் வில்லேஜ். தெருத் தெருவாக வீடுகளை வங்கி ஜப்தி பண்ணியது. வீடே போனவன் மாலுக்கா வருவான்? 2008-ல் மேஸிஸ் மூடியது. 2009-ல் மாலுக்கே பூட்டு.

எஸ்கலேட்டர்ல பனி

பூட்டின மால் எப்படி இருக்கும்? பக்கத்து ஏக்ரன் நகரத்தின் 'ரோலிங் ஏக்கர்ஸ்' மாலைப் பாருங்க. 1975-ல் திறந்து 2008-ல் மூடியது. டயர்களின் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர் அது. டயர் ஆலைகள் போனதும் மாலும் போச்சு. கூரைக் கண்ணாடி உடைந்து, நின்றுபோன எஸ்கலேட்டர் படியில் வெள்ளை வெளேர்னு பனி விழுந்து கிடக்கும் புகைப்படங்கள் உலகம் முழுக்கப் பிரபலம். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் படியில் ஏறி முதல் நாள் வேலைக்குப் போனவர்கள் அந்தப் போட்டோவை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்தால், லைக் போடக் கை வராது.

கிளீவ்லேண்டின் இன்னொரு பக்கம் யூக்ளிட் ஸ்கொயர் மால். 1977-ல் திறந்தது. கடைகள் காலியானதும் அங்கே யார் வந்தார்கள் தெரியுமா? குட்டிக் குட்டி தேவாலயங்கள்! வாடகை சல்லிசு, பார்க்கிங் தாராளம். ஒரு காலத்தில் செருப்பு விற்ற ஷோரூமில் ஞாயிற்றுக்கிழமை பாட்டும் பிரசங்கமும். இருபதுக்கும் மேற்பட்ட சபைகள் ஒரே மாலுக்குள். க்ரூயென் கேட்ட 'ஜனங்க கூடுற இடம்' கடைசியில் கடைகள் செத்த பிறகுதான் கொஞ்ச நாள் நடந்தது. 2016-ல் கட்டடம் பாதுகாப்பில்லை என்று அவர்களையும் கிளப்பிவிட்டார்கள்.

நார்த் ராண்டலில் 2014 கடைசியில் புல்டோசர் வந்தது. குதிரை மைதானத்துக்கு மேலே எழும்பிய மால், நாற்பது வருஷம்கூட முழுசா தாங்காமல் தரைமட்டம்.

இப்போ அங்கே என்ன?

நார்த்ஃபீல்டு ரோட்டில் நின்று பாருங்க. ஒரு பக்கம் திஸில்டவுன், இன்னமும் குதிரை ஓடுது. கூடவே சூதாட்ட மெஷின்களும் சேர்ந்திருக்கு. இன்னொரு பக்கம், மால் இருந்த மண்ணில், நீ....ளமா ஒரு கட்டடம். ஷோகேஸ் கிடையாது, ஃபுட் கோர்ட் கிடையாது. எட்டு லட்சம் சதுர அடிக்கு மேல் உள்ள அமேசான் கிடங்கு! 2018-ல் திறந்தது. யூக்ளிட் ஸ்கொயர் மால் இடத்தில்? அமேசான், 2019. ஏக்ரன் ரோலிங் ஏக்கர்ஸ் இடத்தில்? அதேதான், 2020. மூணு மால், மூணு கிடங்கு.

'ஆன்லைன் வந்து மாலைக் கொன்னுடுச்சு, சமாதி மேலேயே வீடும் கட்டிடுச்சு' என்று சொல்லத் தோணும். அவசரப்படாதீங்க. ராண்டல் பார்க் படுக்கையில் விழுந்தபோது ஆன்லைன் ஷாப்பிங் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது. அதைச் சாய்த்தது ஆலை, ரோடு, கடன், நிறம், அளவுக்கு மீறிய கடை. அமேசான் வந்தது, பெரிய நிலமும் நெடுஞ்சாலையும் வேலை தேடும் ஆட்களும் ஒரே இடத்தில் கிடைத்ததால். மால்காரர்கள் வந்த அதே காரணம்!

ஒரு செம முரண் சொல்லட்டுமா? அந்த மாலின் தூண்களில் ஒன்றான சியர்ஸ், 1886-ல் ரயில்வே ஊழியர் ஒருவர் பாக்கெட் கடியாரம் விற்று ஆரம்பித்தது. பிறகு தடிமனான கேட்லாக் அனுப்பி, தபாலில் ஆர்டர் எடுத்து, வீடு தேடிச் சாமான் அனுப்பி ராஜாவானது. அந்தப் பெரிய கேட்லாக்கை 1993-ல் நிறுத்தியது. அடுத்த வருஷம், 1994-ல், அமேசான் பிறந்தது. 2018-ல் சியர்ஸ் திவால் மனு போட்டது. அதே வருஷம் அதன் பழைய மண்ணிலிருந்து அமேசான் பெட்டி அனுப்ப ஆரம்பித்தது.

கிடங்கு வந்ததில் ஊருக்கு லாபம் இல்லாமல் இல்லை. ரெண்டாயிரம் வேலை என்று சொல்லித்தான் வந்தார்கள். மாநில அரசும் வரிச் சலுகை கொடுத்துக் கூப்பிட்டது. சம்பள வரி மறுபடி ஊருக்கு வருது. வருஷக்கணக்கில் இருட்டாகக் கிடந்த இடத்தில் விளக்கு எரியுது. வேலை இல்லாத ஊரில் வேலை வந்தால் அதை யாரும் கிண்டல் பண்ண முடியாது.

ஆனா மச்சி, நீங்களும் நானும் அங்கே போனால் உள்ளே விட மாட்டாங்க. அடையாள அட்டை வேணும். மாலில் காசே இல்லாமல் மூணு மணி நேரம் சுத்தலாம். ஒரு காபியை ஆறு பேர் ஷேர் பண்ணலாம். பிரேக்-அப் ஆன நண்பனை ஃபவுண்டன் ஓரமா உட்கார வெச்சு தேத்தலாம். மழைக்கு ஒதுங்கலாம். கிடங்கில் வேலை பார்க்கலாம், ஒதுங்க முடியாது. வேலை திரும்பி வந்துவிட்டது. உட்கார்கிற இடம் திரும்பி வரவில்லை.

இன்னொரு பயமும் இருக்கு. குதிரையை நம்பிய ஊர் மாலை நம்பியது. மாலை நம்பிய ஊர் இப்போ கிடங்கை நம்புது. ஆள் மாறியிருக்கான், பழக்கம் மாறலை. எங்கோ தூரத்தில் ஒரு அறையில், ஒருத்தர் கணக்குப் பார்த்து 'இந்த இடம் இனி சரிப்படாது' என்று ஒரு கோடு கிழித்தால், ஆயிரம் பேர் உள்ள ஊர் என்ன செய்யும்? ராண்டல் பார்க் திறந்த அன்னிக்கு ரிப்பனுக்கு முன்னாடி நின்ற யாருக்கும் அந்தக் கேள்வி வந்திருக்காது. அவ்வளவு கூட்டம், அவ்வளவு வெளிச்சம்!

அதனால் ஒரு ஹோம்வொர்க். அடுத்த தடவை க்ளாஸ் கட் அடித்துவிட்டு மாலுக்குப் போகும்போது, கீழ்த்தளத்தைப் பார்க்காதீங்க. எஸ்கலேட்டர் ஏறி மேல் மாடிக்கு, ஓரத்துக்குப் போங்க. 'விரைவில் திறக்கிறோம்' என்று ஸ்டிக்கர் ஒட்டின ஷட்டர் எத்தனைன்னு எண்ணுங்க. பக்கத்துக் கடையில் யூனிஃபார்ம் போட்டு நிற்கிற பையனுக்கு உங்க வயசுதான் இருக்கும். கூட்டம் எப்படி, சம்பளம் சரியா வருதான்னு ஒரு வார்த்தை கேளுங்க. எதுவும் வாங்காட்டியும் பரவாயில்லை, பதில் சொல்வான்!